சூடேறினால் இறுகி, ஆறினால் விடும் முன் பிரேக்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் குறையும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 2016ஆம் ஆண்டு பதிவான 150 சிசி மோட்டார் சைக்கிள். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் கம்பி இழுக்கும் டிரம் பிரேக். 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்ற விதி புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலிலும்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால் இந்த வண்டியில் ஏபிஎஸ் கிடையாது. வண்டி என் சித்தப்பாவுடையது. செக்கானூரணிக்கு மேற்கே மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். பூ எடுத்த கையோடு மூட்டையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு, தேனி சாலை வழியாக வந்து, காளவாசல், கோரிப்பாளையம் கடந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சேர்ப்பதுதான் அந்த வண்டியின் முதல் வேலை.

குறை இதுதான். செக்கானூரணியிலிருந்து நாகமலை புதுக்கோட்டை வரை வண்டி எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடும். காளவாசல் நெரிசலுக்குள் நுழைந்து அடுத்தடுத்துப் பிரேக் பிடிக்கத் தொடங்கியதும், முன் பிரேக் லிவரின் அசைவு படிப்படியாகக் குறைந்து கல்லைப் போல் இறுகும். ஆக்சிலரேட்டரை முறுக்கினாலும் வண்டி பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல் திணறும். கோரிப்பாளையம் சிக்னலில் நின்று கிளம்பும்போது சில நாட்களில் முன்சக்கரம் நகரவே மறுக்கும். ஆனால் சந்தையில் வண்டியை நிறுத்தி, பூவை எடை போட்டு, கணக்கு முடித்துத் திரும்புவதற்குள் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். "போறப்பத்தான் பிடிக்குதுப்பா, வர்றப்ப ஒண்ணுமே இல்லை" என்று அவர் பட்டறைதோறும் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. உண்மையில் நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான குறிப்பு அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது.

மூட்டை ஏற்றிய வண்டியில், ஈரச் சாலையில், முன்சக்கரம் தானாக இறுகிப் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவர் விழுவதற்கு ஒரு நொடி போதும். ஆகவே இது நாள் பார்த்துச் செய்யும் வேலையாக இருக்கவில்லை.

யார் என்ன செய்தார்கள்

வண்டியின் வரலாற்றைச் சித்தப்பாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. எந்தப் பட்டறையிலும் எழுத்தில் எதுவும் இல்லை. அவர் நினைவிலிருந்து கிடைத்த வரிசை பின்வருமாறு.

மார்கழி வாக்கில் சந்தை வாசலில் வண்டி சாய்ந்து விழுந்து முன் பிரேக் லிவர் ஒடிந்தது. மறுநாள் பூ ஏற்ற வேண்டும் என்ற அவசரத்தில், சாலையோரக் கடையில் கைவசம் இருந்த வெளித் தயாரிப்பு லிவர் ஒன்றை மாட்டிக்கொண்டார். லிவர் பிடித்தது, பிரேக் நின்றது, அத்துடன் அந்த விஷயம் மறந்துபோனது. சில வாரங்கள் கழித்து, வேறொரு வேலைக்காக விட்ட பட்டறையில், கைப்பிடியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மட்டம் குறைந்திருப்பதைப் பார்த்து, கேட்காமலே மேல்கோடு வரை நிரப்பிக் கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் கசிவு இல்லாத வண்டியில் அந்த மட்டம் குறைவது, டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடு தேய்வதால்தான். தேய்ந்த அளவுக்கு, பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிபரின் பிஸ்டன் வெளியே வர, அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்குகிறது. மட்டத்தை நிரப்பியதும் பேடு தேய்ந்ததைக் காட்டும் அடையாளம் மறைந்துவிட்டது. இரும்பு இரும்பில் உரசும் ஓசை கேட்ட பிறகுதான் சித்தப்பாவுக்குத் தெரிந்தது.

பேடுகளை அவர் தாமே மாற்றினார். கம்பெனிப் பேடு வாங்கி, காணொளி பார்த்து, காலிபரைப் பிரஷால் சுத்தம் செய்து, டப்பாவில் மிகுந்த ஆயிலை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்து, பிஸ்டனை உள்ளே தள்ளி, புதிய பேடுகளைப் பொருத்தி, வண்டியை எடுக்கும் முன் லிவரைப் பலமுறை அமுக்கிப் பிடிப்பு வந்ததா என்றும் பார்த்திருக்கிறார். கடைசியாகச் சொன்ன இந்த ஒரு செயலை மறந்து, முதல் தடவை பிரேக் பிடிக்கும்போது லிவர் வெறுமனே கைப்பிடி வரை வந்துவிட, எதிரில் இருப்பதன் மீது மோதியவர்கள் உண்டு. அவர் அதை மறக்கவில்லை. அந்த வேலையைப் பொறுத்தவரை பல பட்டறைகளை விடவும் பொறுமையாகவே செய்திருந்தார்.

அதற்கு அடுத்த வாரமே இறுக்கம் தொடங்கியது. எனவே எல்லோரும் பேடு மாற்றியதையே குற்றம் சொன்னார்கள். உள்ளூர் மெக்கானிக், காலிபர் நகர்வதற்கு உதவும் ஸ்லைடு பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக் ஆயிலில் இருந்த ஏர் எடுத்தார். மதுரைப் பட்டறை ஒன்றில் காலிபர் கிட், அதாவது அதன் ரப்பர் சீல்களை, மாற்றினார்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம் ஒன்றில், லிவர் அமுக்கும் மாஸ்டர் சிலிண்டர், காலிபர் இரண்டையும் முழுதாக மாற்ற வேண்டும் என்று சில ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். மூன்று இடங்களிலும் வண்டி ஆறிய நிலையில்தான் நின்றது. மூன்று இடங்களிலும் முன்சக்கரம் லேசாகச் சுற்றியது. "சக்கரம் நல்லாத்தானே சுத்துது, எதைப் பார்க்கச் சொல்றீங்கண்ணே?" என்று ஒரு மெக்கானிக் கேட்டதில் நியாயம் இருந்தது.

சூடும் சிறு துளையும்

ஆய்வின் முறையை விளக்குவதற்கு முன் மாஸ்டர் சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கைப்பிடியில் இருக்கும் ஆயில் டப்பாவுக்கும் அதன் கீழுள்ள சிலிண்டருக்கும் இடையே இரண்டு துளைகள் இருக்கின்றன. ஒன்று பெரியது; பிஸ்டனின் முனையில் இருக்கும் ரப்பர் கப்புக்குப் பின்புறம் திறக்கும். மற்றொன்று ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மிகச் சிறிய துளை. கப்புக்கு முன்புறம் திறக்கும். லிவரைத் தொடாத நிலையில் சிறு துளை திறந்திருக்கும். லிவரை அமுக்கியதும் கப் அந்தத் துளையைக் கடந்து மூடிவிட, அதற்குப் பிறகே ஆயிலில் அழுத்தம் உண்டாகிறது. லிவரை விட்டதும் கப் பின்வாங்கித் துளை மீண்டும் திறக்க, மீதமிருக்கும் அழுத்தம் டப்பாவுக்குள் வெளியேறுகிறது.

காலிபர் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அதைச் சுற்றியுள்ள சதுர விளிம்பு ரப்பர் சீல், அழுத்தத்தில் சற்று முறுக்கிக்கொண்டு, அழுத்தம் போனதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு இழுத்துக்கொள்ளும். டிஸ்க்கை விட்டுப் பேடு விலகுவது அந்த மயிரிழையால்தான். ஆகவே ஆயிலில் சிறிதளவு அழுத்தம் தங்கினாலும் பேடு விலகாது.

சிறு துளை அடைபட்டால் என்ன ஆகும்? பிரேக் பிடிப்பதால் உண்டாகும் சூட்டில் ஆயில் விரிவடைகிறது. விரிந்த ஆயில் போக வழியில்லாமல் பிஸ்டனையே தள்ளுகிறது. பேடு டிஸ்க்கில் உரசி மேலும் சூடேறுகிறது. ஆயில் மேலும் விரிகிறது. நிறுத்தி ஆறவிட்டால் ஆயில் சுருங்கி எல்லாம் தளர்ந்துவிடும். சித்தப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து இதுதான். மேலும் சூடேறினால் நிலைமை நேர்மாறாகவும் திரும்பக்கூடும் என்பது கவலைக்குரியது. டாட் 4 தரத்துப் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3க்கு இவை 205, 140. பழைய ஆயில் காலிபருக்குள் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், இறுகியிருந்த அதே லிவர் பிடிப்பே இல்லாமல் கைப்பிடியைத் தொட்டுவிடும்.

சூடாக இருக்கும்போதே பார்த்தது

அரசரடியில் என் வீட்டு வாசலில் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கமான நேரத்தில் வழக்கமான பாதையிலேயே வரும்படி சித்தப்பாவிடம் சொல்லியிருந்தேன். வந்தவுடன் பூ மூட்டையை ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பிவிட்டோம்; பூ காத்திருக்காது. வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கம் ஒருவர் அமுக்கிப் பிடிக்க, முன்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தபோது அது அசையவில்லை. டிஸ்க்கின் மீது தெளித்த நீர்த்துளி சீறி மறைந்தது.

முதல் கேள்வி, இறுக்கம் ஆயில் அழுத்தத்தால் உண்டானதா அல்லது துருப்பிடித்த ஸ்லைடு பின், சிக்கிய பிஸ்டன் போன்ற இயந்திரக் காரணத்தாலா என்பது. காலிபரில் இருக்கும் ஏர் நிப்பிளில் தெளிந்த ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தோம். லிவரை யாரும் தொடாமலே பழுப்பு நிற ஆயில் குழாய்க்குள் பாய்ந்தது. சக்கரம் அந்தக் கணமே விடுபட்டுச் சுற்றியது. அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது உறுதியாயிற்று. காலிபர் கிட் மாற்றியது பயனளிக்காததற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது கேள்வி, அந்த அழுத்தத்தைத் தடுத்து வைத்திருப்பது மாஸ்டர் சிலிண்டரா, அதைக் காலிபருடன் இணைக்கும் ஹோஸா என்பது. பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உட்புறம் உப்பி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் செய்வதுண்டு. சித்தப்பா மறுபடியும் ஒரு சுற்று ஓட்டி வண்டியை இறுக வைத்துக் கொண்டுவந்தார். இந்த முறை நிப்பிளைத் தொடாமல், டேங்கின் மீது ஈரத் துணியை விரித்துவிட்டு, ஹோஸ் மாஸ்டருடன் சேரும் இடத்திலுள்ள போல்ட்டைச் சற்றே தளர்த்தினோம். (பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும், பட்டதும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.) சக்கரம் உடனே விடுபட்டது. ஹோஸ் வழியாக அழுத்தம் தடையின்றி மேலே வந்தது என்பதால் ஹோஸில் குற்றமில்லை. சிக்கல் மாஸ்டரில்.

மூன்றாவது முறை இறுகியபோது லிவரின் அச்சு போல்ட்டை மட்டும் கழற்றி லிவரை எடுத்துவிட்டோம். இங்கேதான் எதிர்பாராத ஒன்றைக் கண்டோம். லிவரை உருவியதும், அது அழுத்திக்கொண்டிருந்த பிஸ்டன் கண்ணுக்குத் தெரியும்படி சிறிது வெளியே வந்தது. ஓய்வு நிலையிலும் லிவர் பிஸ்டனை உள்ளே தள்ளியே வைத்திருந்தது என்று அதற்குப் பொருள். ஆனால் சக்கரம் உடனே விடுபடவில்லை. சில நிமிடங்களில் மெல்ல மெல்லத் தளர்ந்தது. லிவர் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் பிஸ்டன் பின்வாங்கிய கணத்திலேயே துளை திறந்து அழுத்தம் போயிருக்க வேண்டும். அப்படிப் போகாததால் துளையிலும் ஏதோ இருக்கிறது என்று கணித்து, டப்பாவின் மூடியைத் திறந்து, மரக்குச்சியால் பிஸ்டனை இலேசாகத் தட்டிப் பார்த்தோம். நல்ல நிலையில் உள்ள மாஸ்டரில் இப்படித் தட்டும்போது சிறு துளையிலிருந்து ஆயில் நூலாகப் பீய்ச்சி மேற்பரப்பு கலங்கும். இங்கு மேற்பரப்பு அசையவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் பெரிய துளை தெரிந்தது. சிறு துளை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறப் பிசின் படிந்திருந்தது.

பிறகு கம்பெனி லிவர் ஒன்றை வாங்கி வந்து, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து வெர்னியரால் அளந்தோம். பிஸ்டனைத் தொடும் மூக்குப் பகுதி வெளித் தயாரிப்பு லிவரில் அரை மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக நீண்டிருந்தது. கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆனால் சிறு துளையை மூடுவதற்குக் கப் நகர வேண்டிய தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

காரணம் எப்படிக் கூடியது

கண்டவற்றை ஒன்றாகக் கோத்தால் நிகழ்ந்தது இப்படி இருந்திருக்க வேண்டும். நீண்ட மூக்குள்ள லிவர் பிஸ்டனைச் சற்று முன்னே தள்ளி வைத்ததால் சிறு துளையின் பெரும்பகுதி மார்கழியிலேயே மூடிவிட்டது. எஞ்சிய இடுக்கு வழியாக அழுத்தம் தப்பிக்கொண்டிருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஆயில் முழுதாக மாற்றப்பட்டதே இல்லை. மட்டம் குறைந்தபோது நிரப்பினார்களே தவிர, காலிபரின் அடியில் கிடந்த பழைய ஆயிலும் வண்டலும் அப்படியே கிடந்தன. பேடு மாற்றும்போது நிப்பிளைத் திறக்காமல் பிஸ்டனை உள்ளே தள்ளியதால், அந்த வண்டல் ஹோஸ் வழியாக மேலேறி, ஏற்கெனவே குறுகியிருந்த துளையில் போய் அடைத்துக்கொண்டது. லிவர் சரியானதாக இருந்திருந்தால் வண்டல் துளையைத் தாண்டி டப்பாவுக்குள் போயிருக்கக்கூடும். வண்டல் இல்லாதிருந்தால் அந்த லிவருடனேயே வண்டி இன்னும் பல மாதங்கள் ஓடியிருக்கக்கூடும்.

ஏர் எடுத்தபோது இந்த அடைப்பு ஏன் போகவில்லை என்று சித்தப்பா கேட்டார். நல்ல கேள்வி. ஏர் எடுக்கும்போது புதிய ஆயில் பெரிய துளை வழியாக இறங்கி, கப்பின் விளிம்பைத் தாண்டி முன்னே செல்கிறது. சிறு துளை அடைந்திருந்தாலும் ஆயில் ஓட்டம் தடைபடாது, லிவரும் நல்ல பிடிப்புடன் இருக்கும். ஆகவே எவ்வளவு ஆயிலை ஓட்டிக் கழித்தாலும் அந்தத் துளை கழுவப்படுவதில்லை.

பழுதுநீக்கம்

மாஸ்டரைப் பிரிக்கும் வேலையை நாங்கள் செய்யவில்லை. ஆழமான குழிக்குள் பிஸ்டனைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் வளையத்தைக் கழற்ற நீண்ட மூக்குள்ள பிளையர் வேண்டும். அது நழுவினால் சிலிண்டரின் உட்சுவரில் கீறல் விழும். கீறல் விழுந்த சிலிண்டருக்கு மருந்து கிடையாது. சிம்மக்கல் பக்கம் சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். போகும்போது, செய்த சோதனைகளையும் முடிவுகளையும், இதுவரை மாற்றிய பாகங்களையும் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுதாகப் படித்தார். "இதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

அவர் வேலை செய்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பிரித்த பாகங்களைப் பெட்ரோலில் கழுவாமல் புதிய பிரேக் ஆயிலிலேயே கழுவினார். பெட்ரோலும் சாதாரண கிரீஸும் அந்த வகை ரப்பரை ஊதிப் பெருக்க வைத்துவிடும். சிறு துளையைக் குத்தி எடுக்க ஊசியோ டிரில்லோ எடுக்கவில்லை. ஒயர்த் துண்டு ஒன்றின் உறையைச் சீவி, அதிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவி, விரல்களுக்கிடையே முறுக்கிக்கொண்டே துளைக்குள் விட்டார். செம்பு மென்மையானது என்பதால் துளையின் விளிம்பு சிதையாது. சிதைந்தால் அதன் மீது ஓடும் கப் கிழிந்துபோகும். பிறகு சிலிண்டரை வெயிலை நோக்கிப் பிடித்து எங்களுக்குக் காட்டினார். டப்பாவின் அடியில் ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளி தெரிந்தது.

பழைய கப்பின் விளிம்பில் வெட்டு இருந்ததால் புதிய மாஸ்டர் கிட் போட்டார். காலியான மாஸ்டரில் ஏர் நிறைந்திருக்கும் என்பதால், ஹோஸை இணைப்பதற்கு முன் ஆயில் வெளியேறும் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, பிஸ்டனை அமுக்கும்போது விரலைத் தளர்த்தியும் விடும்போது அழுத்தி மூடியும், குமிழி நின்று வெறும் ஆயில் மட்டும் வரும்வரை பம்ப் செய்தார். எந்தக் கணத்தில் தளர்த்துவது என்பது அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது. ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் புதிய செப்பு வாஷர்கள் போட்டு, கம்பெனி லிவரை மாட்டி, டப்பாவின் மூடியில் எழுதியிருந்த தரத்திலேயே ஆயில் ஊற்றி, காலிபரிலிருந்து தெளிந்த ஆயில் வரும்வரை ஓட்டிவிட்டார். முடிந்ததும் மூடியைத் திறந்து லிவரை மெல்லத் தொட, சிறு துளையிலிருந்து ஆயில் மெல்லிய நூலாக எழும்பியது.

சோதனையை வீட்டுக்கு வந்த பிறகும் தொடர்ந்தோம். லிவரைக் கைப்பிடியோடு ரப்பர் பட்டையால் கட்டி இரவு முழுதும் விட்டு, காலையில் அது தாழவில்லை என்பதையும் எந்த இணைப்பிலும் ஈரம் இல்லை என்பதையும் பார்த்தோம். பிறகு மூட்டையோடு அதே சந்தைப் பாதை. மாட்டுத்தாவணியில் இறங்கியவுடனே சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியபோது பேடு இலேசாக உரசும் ஓசையுடன் தடையின்றிச் சுற்றியது. ஒரு வாரம் கழித்து ஆண்டிபட்டி கணவாய் இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தபோதும் லிவரின் அசைவு மாறவில்லை.

எது வீட்டு வேலை, எது பட்டறை வேலை

இந்த நிகழ்வைக் கேட்டவர்களில் பாதிப்பேர், பிரேக் உயிர் தொடர்பான விஷயம், வீட்டில் கை வைத்ததே தவறு என்றார்கள். மீதிப்பேர், மூன்று பட்டறை கண்டுபிடிக்காததை வீட்டு வாசலில் கண்டுபிடித்தாயிற்று, இனி மெக்கானிக் எதற்கு என்றார்கள். இரண்டு முடிவுக்கும் இந்த வண்டி இடம் தரவில்லை. வீட்டில் நடந்த பேடு மாற்றமும் பட்டறையில் நடந்த ஆயில் நிரப்பலும் தத்தம் அளவில் ஒழுங்காகச் செய்யப்பட்டவையே. லிவர் மாட்டியவருக்குப் பேடு மாற்றப்போவது தெரியாது. காலிபர் கிட் போட்டவருக்கு லிவர் மாற்றியது தெரியாது. எல்லா வேலைகளின்போதும் வண்டியோடு இருந்தவர் உரிமையாளர் ஒருவர்தான். எனவே வரலாற்றைக் காப்பதும், குறை எந்த நேரத்தில், எந்தச் சூட்டில், எந்தச் சுமையில் வருகிறது என்பதைக் கவனித்துச் சொல்வதும் அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை எந்த மெக்கானிக்கிடமும் ஒப்படைக்க முடியாது.

பட்டறைகளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பாகம் மாற்றியதற்குத்தான் கூலி கொடுக்கிறோம். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, சூடேற்றி, குறையைக் கண்டுபிடித்துச் சொன்னதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். அப்படியிருக்க, மெக்கானிக் பாகத்தைத்தான் மாற்றுவார். சிம்மக்கல் மெக்கானிக் கேட்டது மாஸ்டர் கிட் மாற்றிய கூலி மட்டுமே. சித்தப்பா கூடுதலாகக் கொடுத்தபோது வாங்கத் தயங்கினார். பார்த்துச் சொல்வதற்கென்று தனியாகக் கூலி கொடுப்பதும், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் வழக்கமானால், தேவையில்லாமல் கிட் மாற்றுவது பெருமளவு குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வீட்டில் செய்யத்தக்கவை பல. பேடின் கனத்தை டார்ச் அடித்துப் பார்ப்பது, ஸ்லைடு பின்களைத் துடைத்து அதற்குரிய சிலிகான் கிரீஸ் தடவுவது, பின் பிரேக் மிதியின் வெற்று அசைவைக் கம்பியின் நட்டைத் திருப்பிச் சரிசெய்வது, டிரம் தகட்டில் உள்ள தேய்மான முள் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதா என்று பார்ப்பது ஆகியவற்றுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பேடு மாற்றுவதையும் இதில் சேர்ப்பேன், ஒரு நிபந்தனையோடு: பிஸ்டனைத் தள்ளும்போது நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலை வெளியேற்றிவிட்டு, நிப்பிளை மூடிய பிறகே கையை எடுக்க வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுபவர், பிரேக் தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் டார்க் ராடின் நட்டையும் அதன் ஸ்பிளிட் பின்னையும் இருமுறை பார்க்க வேண்டும். அது விடுபட்டால் பிரேக் பிடிக்கும்போது தகடே சக்கரத்தோடு சுழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, பட்டறையிலும் ஊதவிடக் கூடாது. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

ஏபிஎஸ் வண்டிகளில் எல்லை சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டருக்குள் ஏர் புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற மின்னணுக் கருவி தேவைப்படக்கூடும். வண்டலை மேலே தள்ளினால் மாட்டிக்கொள்வது சிறு துளையல்ல, விலை உயர்ந்த வால்வுகள். இடதுகை லிவரை இழுத்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் ஸ்கூட்டர்களில், ஒரு கேபிளை மட்டும் இறுக்கினால் இரண்டுக்கும் இடையிலான பங்கீடு கெட்டுவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். டிஸ்க்கைக் கடைவது, டிரம்மின் உள்விட்டத்தை அளப்பது, மாஸ்டரைப் பிரிப்பது ஆகியவை சந்தேகமின்றிப் பட்டறை வேலைகள்.

இப்போதைய நிலை

பழுது நீக்கிய பின் மாதங்கள் கடந்துவிட்டன, இறுக்கம் திரும்பவில்லை. இரண்டு பேடுகளும் சமமாகத் தேய்கின்றன. சூட்டால் டிஸ்க்கில் நீலம் பாய்ந்த பட்டை இன்னும் தெரிகிறது; ஆனால் டிஸ்க்கின் கனம் அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருப்பதால் மாற்றவில்லை. ஆயில் மாற்றிய தேதியைச் சித்தப்பா டப்பாவின் பக்கத்தில் ஸ்டிக்கராக ஒட்டி, இரண்டு ஆண்டுக்குப் பிந்தைய தேதியையும் அதன் கீழே எழுதியிருக்கிறார். சென்ற வாரம் அவர் பின் பிரேக்கின் தேய்மான முள்ளைப் பார்த்தபோது, ஷூவில் போதிய கனம் இருந்தும் முள் எல்லைக்கோட்டை நெருங்கியிருந்தது. டிரம் தேய்ந்து அகன்றிருந்தால் இப்படி நேரும். உள்விட்டம் டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டிவிட்டதா என்று அளந்து, அந்த எண்ணைத் தாளில் எழுதித் தரும்படி சிம்மக்கல் பட்டறையில் சொல்லியிருக்கிறோம்.